ஒப்பந்தம் மாறினால் ஆளும் மாற வேண்டுமா?

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் நிறைந்துவிடும். தூக்குவாளியோடு ஏறும் பெண்கள், போடிமெட்டு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் களையெடுக்கவும் காய் பறிக்கவும் போகிறார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி கூப்பிட்டால்தான் மறுநாள் வேலை.

அவர்கள் ஏறிப்போகும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு வழியாகக் கொச்சி வரை செல்கிறது. அங்கே நெடும்பாசேரி விமான நிலையத்திலும் கங்காணி முறைதான், பெயர் மட்டும் வேறு. விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பவருக்கும், பெட்டிகளை இறக்குபவருக்கும் பெரும்பாலும் சம்பளம் தருவது ஒப்பந்த நிறுவனம்.

2025 மே 15 அன்று, விமான நிலையங்களில் இத்தகைய வேலைகளைச் செய்துவந்த, துருக்கியைச் சேர்ந்த செலெபி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை மத்திய அரசு ரத்து செய்தது. சென்னை, கொச்சி உட்பட 9 விமான நிலையங்களில் சுமார் 10,000 பேரின் பிழைப்பு ஒரே உத்தரவில் ஊசலாடியது. ஊழியர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்த்துக்கொள்வதாக அரசு சொன்னது. சரக்குப் பிரிவு ஊழியர்கள் பழைய நிபந்தனைகளோடு புதிய நிறுவனத்துக்கு மாற்றப்படுவர் என டெல்லி விமான நிலைய நிர்வாகம் அறிவித்தது. நாடே கவனித்த விவகாரம் என்பதால் கிடைத்த வாக்குறுதி அது. சத்தமில்லாமல் டெண்டர் கைமாறும்போது இப்படி யார் கேட்பார்கள்?

சட்டம் ஒருகாலத்தில் கேட்டது. துப்புரவு, காவல் போன்ற வேலைகளில் ஒப்பந்த முறையை 1976-இல் மத்திய அரசு தடை செய்தது. அப்படித் தடையான வேலையில் இருந்தவர்களை நிர்வாகமே ஏற்க வேண்டும் என 1996-இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அந்தத் தீர்ப்பும் போனது, 1976 அறிவிக்கையும் போனது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்போ, நிறுவனத்தின் தொழிலே அதுவாக இல்லாதவரை, துப்புரவையும் ஏற்றியிறக்கும் வேலையையும் ஒப்பந்த முறைக்குத் தடையுள்ள முக்கியப் பணிகளில் சேர்க்கவில்லை.

பிரிட்டனில் 2006 முதல், சேவை ஒப்பந்தம் கைமாறினால் அதே வேலையைச் செய்துவந்த ஊழியர்களைப் பழைய சம்பளம், பணிக்காலத்தோடு புதிய நிறுவனம் ஏற்றாக வேண்டும். இங்கேயும் அப்படியொரு விதி உடனே வேண்டும். ஒப்பந்ததாரர் மாறட்டும்; உழைக்கிறவர் வேலை போகக் கூடாது. பெரிய மனசை நம்பி அல்ல, சட்டத்தை நம்பி அவர் வேலைக்கு வர வேண்டும்.