மரியோ லெமியூ: சராசரி சொல்லாத கதை

ஐஸ் ஹாக்கியில யார் பெரிய ஆள்னு கேட்டா, பட்டுனு வர்ற பேர் வெய்ன் கிரெட்ஸ்கி. 1487 ஆட்டம், 2857 பாயிண்ட். (கோல் போட்டால் ஒரு பாயிண்ட், அதற்கு வழி செய்த பாஸுக்கும் ஒரு பாயிண்ட்.) மரியோ லெமியூவுக்கு 915 ஆட்டத்தில் 1723 பாயிண்ட்தான். ஆனால் ஆட்டத்துக்குச் சராசரி போட்டுப் பார்த்தேன்: கிரெட்ஸ்கிக்கு 1.92, லெமியூவுக்கு 1.88. கிட்டத்தட்ட சமம்!

அப்போ மொத்தத்தில் ஏன் இவ்வளவு தூரம்? லெமியூவின் உடம்பு அவரை ஆட விடவில்லை. 1990-ல் முதுகில் ஆபரேஷன். 1993 ஜனவரியில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுநோய். மார்ச் 2 காலையில் கடைசிக் கதிர்வீச்சு சிகிச்சை. அன்றைக்கே விமானம் ஏறி பிலடெல்பியா போய் இரவு ஆட்டத்தில் ஒரு கோல் போட்டார். எதிரணி ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த சீசனில் 24 ஆட்டங்களைத் தவறவிட்டும், 160 பாயிண்ட்டோடு லீக்கிலேயே முதலிடம்.

1997-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கு 745 ஆட்டம், 1494 பாயிண்ட். சராசரி 2-க்கு மேல். அங்கேயே நின்றிருந்தால், இன்றைய பட்டியலில் கிரெட்ஸ்கிக்கு மேலே இருப்பார்.

நிற்கவில்லை. 1998-ல் அவருடைய பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் டீம் திவாலானது. ஒத்திவைக்கப்பட்ட சம்பளமாக அவருக்கு வரவேண்டிய பாக்கி மட்டும் 3 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதியைப் பங்காக மாற்றிக்கொண்டு, 1999-ல் டீமையே எடுத்து நடத்த ஆரம்பித்தார். 2000 டிசம்பர் 27-ல், 35 வயதில், முதலாளியே ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். இறங்கிய முதல் நிமிடத்துக்குள்ளேயே ஒரு கோலுக்குப் பாஸ் கொடுத்தார்.

இதயத்துடிப்புக் கோளாறால் 2006 ஜனவரியில் நிரந்தரமாக நிறுத்தும்வரை, இந்த இரண்டாம் சுற்றில் 170 ஆட்டம், 229 பாயிண்ட். சராசரி 1.35 தான். மொத்த சராசரியை 1.88-க்கு இழுத்தது இதுதான்.

ஆக, சராசரியை மட்டும் பார்த்தால் அவர் திரும்பி வந்தது நஷ்டக் கணக்கு. ஆனால் டீம் பிட்ஸ்பர்க்கிலேயே நிலைத்தது. வீரராக 1991, 1992-ல் ஸ்டான்லி கோப்பை வென்றவர், முதலாளியாக 2009, 2016, 2017-ல் மறுபடி அதைத் தூக்கினார். இனிமேல் சராசரியை வைத்து யாரையாவது எடைபோடும்போது, அந்த ஆள் எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்னு குறித்து வைத்திருக்கிறேன்.