பதநீர் எப்போது கள்ளாகிறது?
பனை, தென்னை விவசாயிகள் அறிய வேண்டிய சட்டம்

"நான் விற்கவில்லை ஐயா. வரப்பு வெட்ட வந்தவர்களுக்கு ஆளுக்கொரு குவளை சும்மா கொடுத்தேன். அதற்கும் வழக்கு வருமா?"

பயிற்சி முகாம் ஒன்றில் பனைமரங்கள் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் அவர் கட்சிதான். காசு வாங்கினால் குற்றம், வாங்காவிட்டால் குற்றமில்லை என்ற எண்ணம் நம் கிராமங்களில் பரவலாக உள்ளது. இது தவறான எண்ணம். தமிழ்நாட்டில் கள்ளைப் பொறுத்தவரை, குற்றம் விற்கும்போது தொடங்குவதில்லை; சுண்ணாம்பு தடவாத கலயத்தைப் பாளையில் கட்டும்போதே தொடங்கிவிடுகிறது.

நம் மாநிலத்தில் இன்றும் நடப்பில் உள்ளது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக அமலுக்கு வந்த அதே சட்டம்தான், பல திருத்தங்களுடன் தொடர்கிறது. இடையில் 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளிலேயே மீண்டும் வந்தது. 1981இல் கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டன. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து அக்கடைகள் மூடப்பட்டு, கள் இறக்குவதும் நின்றது. அரசு மதுக்கடைகள் இருக்கின்றனவே, மதுவிலக்கு எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அக்கடைகள் சட்டத்தின் கீழ் அளிக்கப்பட்ட அனுமதியால் நடப்பவை. அந்த அனுமதி நம் வீட்டுப் பானைக்கு இல்லை.

இச்சட்டத்தின் 4ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். மதுவைத் தயாரிப்பது, வைத்திருப்பது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வது, விற்பது, வாங்குவது, அருந்துவது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே குற்றமாகச் சொல்லப்பட்டுள்ளன. விதிகளுக்கு மாறாகக் கள் தரும் மரத்தைச் சீவுவதும், மரத்திலிருந்து கள் இறக்குவதும்கூட அப்பட்டியலில் உண்டு. ஆகவே "இனாமாகக் கொடுத்தேன்" என்று சொல்கிறவர், மரம் சீவியதையும் கள்ளைக் கையில் வைத்திருந்ததையும் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். வாங்கிக் குடித்த கூலியாளும் தப்ப முடியாது. பொங்கலுக்குப் போடும் சுண்டக்கஞ்சிக்கும், கிறிஸ்துமஸுக்குத் திராட்சையில் ஊறவைக்கும் வீட்டு ஒயினுக்கும் இதே நிலைதான். அளவு குறைவு, வீட்டு உபயோகம் என்பவை இங்கே விதிவிலக்கு ஆகா.

இனி, பதநீர் எந்தக் கட்டத்தில் கள்ளாகிறது என்று பார்ப்போம். பாளையிலிருந்து சொட்டும் சாறு சொட்டும் நேரத்தில் கள் அல்ல. அதில் சர்க்கரைச் சத்து நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்கிறது. காற்றிலிருந்தும், பாளையை மொய்க்கும் வண்டு, எறும்புகளிலிருந்தும், சரியாகக் கழுவாத பழைய கலயத்திலிருந்தும் நொதிக்கும் நுண்ணுயிர்கள் அதில் சேர்கின்றன. அவை சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. நுரை கட்டுவது இந்த வாயுவினால்தான். மாலையில் கட்டிய கலயத்தைக் காலையில் இறக்குவதற்குள், மரத்தின் உச்சியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு நாள் கழிந்தால் சாராயச் சத்து சுமார் 5 சதவீதம்வரை ஏறிவிடும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைகிறது. அந்தக் காரத்தில் நொதிக்கும் உயிர்கள் பெருக முடிவதில்லை. பதநீருக்கும் கள்ளுக்கும் வேறுபாடு இவ்வளவே. மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிறவரும் ஒருவரே. சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது: நொதிக்காதபடி பதப்படுத்திய சாறு ஒரு பக்கம், நொதித்த சாறு மறுபக்கம்.

எனவே சுண்ணாம்பு விஷயத்தில் அசட்டை கூடாது. ஒவ்வொரு முறை கலயம் மாற்றும்போதும் புதிதாக நீர்த்த சுண்ணாம்பையே தடவவேண்டும். பல நாள் காற்றுப் பட்டுக் கிடந்த சுண்ணாம்புக்கு வீரியம் இராது. முன்னாள் இருந்த சாற்றின் கசண்டு கலயத்தில் ஒட்டியிருந்தால் மேலே எவ்வளவு தடவியும் பயனில்லை. வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்த பின்பே கட்டவேண்டும். மழை பெய்த இரவுகளில் கலயத்தில் நீர் புகுந்து சுண்ணாம்பின் வேகம் தணிந்துவிடும். அன்றைய இறக்கத்தை நம்பக்கூடாது.

இறக்கிய சாறு இன்னும் பதநீர்தானா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. வெள்ளைத் துணித் துண்டை மஞ்சள் கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு சொட்டு விட்டால், சுண்ணாம்புக் காரம் உள்ள பதநீர் துணியைக் குங்கும நிறமாக மாற்றும். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் காரம் தணிந்துவிட்டது, நொதிப்புத் தொடங்கியிருக்கலாம் என்று பொருள். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இது நீதிமன்றத்தில் சான்றாகாது. ஆனால் எந்தக் கலயத்தை ஒதுக்குவது என்று உங்களுக்குச் சொல்லும்.

புளித்துப்போன கலயத்தை என்ன செய்வது? "வீணாகப் போகிறதே" என்று ஆட்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதை எருக்குழியில் கொட்டிவிடுங்கள். நல்ல பதநீரையும் வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றிவிடுவதே சிறந்தது. கருப்பட்டியாகிவிட்டால் புளிக்குமோ என்ற பயம் இல்லை, வழக்கும் இல்லை.

தென்னைக்கு வேறு ஏற்பாடு வந்துள்ளது. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, நொதிக்காத தென்னஞ்சாறான நீரா இறக்க வழி செய்யப்பட்டது. இதற்கு முறையாக உரிமம் வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியத்தில் பதிவு பெற்ற உற்பத்தியாளர் அமைப்புகளில் சேர்ந்து செயல்படுவதே நடைமுறை வழி. பெட்டியில் பனிக்கட்டி வைத்துக் குளிர்நிலையிலேயே சாற்றைச் சேகரிக்கும் முறையைக் காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. இதில் சுண்ணாம்பு வாடையே இராது. முதலீடு கூடுதலாகையால், பத்து மரம் உள்ளவர் தனியாக முயல்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எல்லையோர விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. மது மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. பாலக்காடு மாவட்டத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. அங்கே முறைப்படி வாங்கிய கள்ளே ஆனாலும், வாளையாறு தாண்டிக் கோவைப் பக்கம் கொண்டுவந்தால் அது இங்கே குற்றம். கொண்டுவந்த வண்டியையும் பறிமுதல் செய்யலாம்.

காய்ச்சிய சாராயத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்த சாவுகளுக்குக் காரணம், தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்ற நஞ்சு. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் சட்டம் கடுமையாக்கப்பட்டு, கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டுள்ளது.

கள்ளுக்கு அனுமதி வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. பக்கத்து மாநிலத்தில் உள்ளது இங்கே ஏன் இல்லை என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கோரிக்கை வேறு, நடப்புச் சட்டம் வேறு. அந்தக் கோரிக்கையைக் காட்டி வழக்கிலிருந்து மீள முடியாது.

மரம் சீவத் தொடங்குமுன், உங்கள் பகுதிப் பனைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் கலால் பிரிவிலும் பதநீர் இறக்க என்ன அனுமதி தேவை என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மரம் ஏறுகிறவர் பெயரும் அதில் இருக்கட்டும். அதிகாலையில் தோப்புக்குச் சோதனை வரும்போது அங்கே நிற்பவர் பெரும்பாலும் அவர்தான்.