வாரத்தில் 2 நாள் மட்டுமே திறக்கும் கோயில்.. மற்ற நாட்களில் அம்மன் எங்கே? சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் வழக்கமும் பின்னணியும்

சென்னையில் இருந்து திருச்சி போகும் தேசிய நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டி சுமார் 8 கிலோமீட்டர் போனால் சிறுவாச்சூர். திங்கள், வெள்ளி என்றால் ரோட்டோரம் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பூக்கடை, தேங்காய்க்கடை எல்லாம் களைகட்டும். அதே இடத்துக்கு ஒரு புதன்கிழமை போய்ப் பாருங்கள், ஊரே அமைதியாக இருக்கும். காரணம், மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது பாரம்பரியமாக இந்த 2 நாட்களில்தான். அமாவாசை, பௌர்ணமி போன்ற விசேஷ நாட்கள் மட்டும் விதிவிலக்கு.

ஆள் இல்லை, வருமானம் இல்லை என்பதற்காக மூடி வைக்கும் கோயில் கிடையாது இது. பல மாவட்டங்களில் இருந்து குலதெய்வம் கும்பிட வரும் குடும்பங்கள் ஏராளம். பிறகு ஏன் மற்ற 5 நாட்கள் பூட்டு? கேட்டால் ஊர்க்காரர்கள் சொல்லும் பதில் ரொம்ப எளிமை: "ஆத்தா அன்னைக்கு மலையில இருப்பா."

மலையில் யார் இருக்கிறார்கள்?

தலபுராணக் கதை இப்படிப் போகிறது. சிறுவாச்சூரின் பழைய தெய்வம் செல்லியம்மன். ஒரு மந்திரவாதி தன் தவ வலிமையால் வரம் வாங்கி, அந்தச் செல்லியம்மனையே தன் சொல்லுக்குக் கட்டுப்படுத்தி வைத்திருந்தான். அந்த நேரத்தில் மதுரையில் இருந்து வந்த காளி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு தங்க இடம் கேட்கிறாள். செல்லியம்மன் தன் நிலைமையைச் சொல்ல, காளி அந்த மந்திரவாதியை அழிக்கிறாள்.

கதையின் முக்கியமான இடம் இதற்கு அப்புறம்தான். "இனி இந்த ஊர் உனக்கு" என்று விட்டுக்கொடுத்துவிட்டு, செல்லியம்மன் பக்கத்தில் இருக்கும் பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள். காளியும் அவளை ஒரேயடியாக அனுப்பிவிடவில்லை. திங்களும் வெள்ளியும் ஊருக்குள் இருந்து அருள் தருகிறாள், மற்ற நாட்களில் மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள். இதுதான் நம்பிக்கை. வீட்டில் ஆள் இல்லாதபோது கதவைத் திறந்து வைத்து என்ன பயன் என்பதுதான் கோயில் பூட்டின் கணக்கு.

கருவறையில் தீபாராதனை நடக்கும்போது கொஞ்சம் கவனித்தால் இந்தக் கதை கண் முன்னால் தெரியும். முதல் தீபாராதனை மதுரகாளிக்குக் கிடையாது. பூசாரி மலை இருக்கும் திசை பார்த்துச் செல்லியம்மனுக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே இருக்கும் அம்மனுக்குக் காட்டுவார். வந்தவள் பெரிய ஆளாகிவிட்டாள், ஆனாலும் முதல் மரியாதை பழைய ஆளுக்கு. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துகளில் இது அவ்வளவு சுலபமாக நடக்கிற விஷயமா என்ன?

அப்போ இவள் கண்ணகியா?

மதுரையை எரித்த கண்ணகிதான் கோபத்தோடு வந்து இங்கே சாந்தமானாள், 'மதுரை காளி'தான் மதுரகாளி ஆனாள் என்று பலரும் சொல்வார்கள். சிலப்பதிகாரத்தை எடுத்துப் பார்த்தால் கண்ணகி வடக்கே வரவில்லை. மதுரையில் இருந்து மேற்கே சேர நாட்டு மலைப்பக்கம் போகிறாள், 14 நாட்கள் கழித்து அங்கிருந்து கோவலனோடு வானுலகம் போகிறாள். ஆக இது நூலில் இருக்கும் கதை இல்லை, ஊர் சொல்லும் கதை. அதனால் பொய் என்று தள்ளிவிட வேண்டியதும் இல்லை. நியாயம் கேட்டு ஊரை எரித்த ஒரு பெண் எங்கே போய் ஆறியிருப்பாள் என்ற கேள்விக்கு, ஊர்கள் பலவும் தனித்தனியாகப் பதில் வைத்திருக்கின்றன.

இங்கே அம்மன் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறாள். கையில் உடுக்கை, பாசம், சூலம், அட்சய பாத்திரம். காளி என்றதும் நாம் நினைக்கும் உக்கிர முகம் கிடையாது, சாந்த முகம்தான்.

உரலில் இடிக்கும் மாவிளக்கு

இந்தக் கோயிலின் முக்கிய வேண்டுதல் மாவிளக்கு. மற்ற ஊர்களில் வீட்டிலேயே மாவு தயார் செய்து டப்பாவில் எடுத்துப் போவோம். இங்கே அரிசியைக் கொண்டுவந்து கோயிலிலேயே ஊறவைத்து, அங்கே இருக்கும் உரலில் உலக்கை போட்டு இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து விளக்கு ஏற்றுவதுதான் முறை. மெஷினில் அரைத்த மாவுக்கு மதிப்பில்லை. அவசரமாக வந்து பத்து நிமிஷத்தில் கும்பிட்டுக் கிளம்பும் திட்டம் இருந்தால் மாவிளக்கு வேண்டுதலை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊறவும் இடிக்கவும் நேரம் ஆகும். உலக்கை பிடித்துப் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கை காய்த்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஜப்பானிலும் இதே கதை

தெய்வம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்காது, போகும், வரும் என்ற எண்ணம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஜப்பானின் ஷிண்டோ மரபில், பழைய நாட்காட்டியின் 10ஆவது மாதம் நாட்டில் உள்ள தெய்வங்கள் எல்லாம் இசுமோ என்ற ஊரில் கூடுவதாக நம்பிக்கை. அதனால் அந்த மாதத்துக்குப் பெயரே 'கன்னாசுகி', தெய்வங்கள் இல்லாத மாதம் என்றுதான் அதற்கு அர்த்தம் சொல்வார்கள். இசுமோவில் மட்டும் அதே மாதம் 'கமியாரிசுகி', தெய்வங்கள் இருக்கும் மாதம்! நாரா பகுதியில் உள்ள ஓமிவா கோயிலில் கருவறைக் கட்டடமே இல்லை. எதிரே இருக்கும் மிவா மலைதான் தெய்வம், மலையைப் பார்த்தே கும்பிடுகிறார்கள்.

சிலை இல்லாத தெய்வத்தைப் பார்க்க ஜப்பான் வரை போகத் தேவையில்லை. அரியலூரில் இருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் கல்லங்குறிச்சி போதும். அங்கே கலியுக வரதராஜப் பெருமாள் என்று வணங்கப்படுவது சுமார் 12 அடி உயரக் கல் கம்பம். காணாமல் போன மாடு ஒன்று இந்தக் கல்லின் மேல் பால் சொரிந்து நின்றதாகக் கதை. விவசாயிகள் விளைந்த தானியத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், ஆடு மாடுகளையும் நேர்ந்து விடுகிறார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் இங்கே கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

மலையில் என்ன நடந்தது?

சிறுவாச்சூரில் பாதிக் கோயில் மலையில்தான் இருக்கிறது என்பது புரிந்தால்தான், 2021இல் நடந்தது எவ்வளவு பெரிய அடி என்பது புரியும். அந்த ஆண்டு அக்டோபரில் பெரியசாமி, செல்லியம்மன் கோயில்களில் இருந்த சுடுமண், சுதைச் சிலைகள் உடைக்கப்பட்டன. காட்டுப் பகுதி, ஆள் நடமாட்டம் குறைவு. ஊருக்குள் இருக்கும் கோயிலுக்குக் கிடைக்கும் காவல் மலைக்குக் கிடைக்கவில்லை. உடைந்தவற்றைச் சீரமைப்பதாகச் சொல்லி இணையத்தில் பணம் திரட்டப்பட்டது. அறநிலையத் துறையின் அனுமதி இல்லை என்ற புகாரில் 2022 மே மாதம் கைது வரை போனது. உடைந்தது செல்லியம்மன் வீடு. பரபரப்பு முழுக்க யார் பணம் வாங்கினார்கள் என்பதில் போய்விட்டது.

கீழே லட்சக்கணக்கில் வந்து போகும் பக்தர்களில் மலைப்பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? முதல் தீபம் எங்கே காட்டப்படுகிறது என்று தெரிந்தவர்களாவது பார்க்கலாம்.

போக நினைப்பவர்களுக்கு

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலில் வருபவர்கள் அரியலூரில் இறங்கி பஸ் பிடித்து பெரம்பலூர் வர வேண்டும், அல்லது திருச்சியில் இறங்கலாம். திருச்சியில் இருந்து சிறுவாச்சூர் சுமார் 50 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் பஸ்கள் எல்லாமே இங்கே நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய திருவிழா சித்திரையில். தேர், காப்புக்கட்டு என்று ஊரே வேறு மாதிரி இருக்கும். மற்றபடி திங்கள், வெள்ளி தவிர வேறு நாளில் கிளம்புவதாக இருந்தால், நடை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே பஸ் ஏறுங்கள்.