இல்லத்தில் ஒரு வழங்கி

பொருளைத் தேடுதல் அரிது. தேடிய பொருளைக் காத்து, வேண்டியபோது வேண்டியவர்க்கு வழங்குதல் அதனினும் அரிது. இது பொன்னுக்கும் நெல்லுக்கும் பொருந்துமாறு போலவே எழுத்துக்கும் படத்துக்கும் பொருந்தும். இக்காலத்துக் குடும்பங்கள் பல, தம் நிழற்படங்களையும், நிலப்பத்திரப் படிகளையும், மதிப்பெண் சான்றுகளையும், பாட்டனார் குரலைப் பதிந்த ஒலிப்பதிவுகளையும் கைப்பேசி வாயிலாகக் கடல் கடந்த நிறுவனங்களின் பொறிகளில் ஒப்படைத்துள்ளன. அவற்றை வீட்டிலேயே வைத்துக் காத்து வழங்கும் வழியும் ஒன்று உண்டு. அதற்கு இல்ல வழங்கி என்று பெயர். அதன் உறுப்புக்கள் யாவை, அவை தொழிற்படுமாறு எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

நம் நாட்டுச் சான்று ஒன்றைக் கொண்டு தொடங்குவோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தே உள்ளது திருமுக்கூடல். உத்திரமேரூரைச் சார்ந்த அச்சிற்றூரின் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலிலே வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அங்கு நடைபெற்ற கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், ‘வீரசோழன்’ என்னும் பெயர்கொண்ட ஆதுலர் சாலையையும் அது உரைக்கின்றது. அச்சாலையிற் படுக்கைகள் 15 என்று சொல்லி அக்கல்வெட்டு அமையவில்லை. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் முதலியோர்க்குரிய ஊதியத்தையும் வரையறுக்கின்றது. ஓராண்டுக்கென இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளையும் பெயர் கூறி அடுக்குகின்றது. கட்டிலும் கட்டடமும் இருந்தால் மருத்துவசாலை ஆகிவிடாது. தொழில்முறையும் நாள்தோறும் பேணும் ஆளும் உடன் கூடல் வேண்டும். இல்ல வழங்கியும் அத்தகையதே. வன்பொருள், மென்பொருள், பேணுதல் என்னும் மூன்றும் கூடிய இடத்தேதான் அது நிலைபெறும்.

வழங்கி என்பது யாதெனின், பிற பொறிகள் கேட்பதை எதிர்நோக்கி ஓயாது விழித்திருந்து, கேட்டவுடன் விடைதரும் கணிப்பொறியே என்க. அதற்கெனத் தனிச்சாதிப் பொறி வேண்டுவதில்லை. 1990-இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ நிறுவிய உலகின் முதல் வலை வழங்கி, அவர் மேசைமேல் இருந்த கணிப்பொறியே. இது வழங்கி, இதனை அணைக்கலாகாது என்னும் கருத்துடைய சீட்டொன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. வழங்கிக்குரிய முதல் இலக்கணம் அச்சீட்டிலேயே அடங்கியுள்ளது அன்றோ?

முதற்கண் வன்பொருளை நோக்குவோம். செயலி, நினைவகம், சேமிப்பு வட்டு, வலைத் தொடர்பு, மின்சாரம் என்னும் ஐந்தும் இதன் உறுப்புக்கள். ஒரு குடும்பத்தின் தேவைக்குப் பெரும் பொறி வேண்டா. அலுவலகத்தார் கழித்த பழைய கணிப்பொறியோ, 2012-இல் வெளிவரத் தொடங்கிய ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுப் பலகைக் கணிப்பொறியோ போதும். 10 வாட் மின்சாரம் கொள்ளும் சிறு பொறி இரவும் பகலும் இயங்கினும் 30 நாளில் ஏறக்குறைய 7 யூனிட்டே செலவாகும். சேமிப்பைக் கணக்கிடின், ஒரு டெராபைட்டு என்பது ஓர் இலட்சங்கோடி பைட்டு. படமொன்று 40 இலட்சம் பைட்டு எனக் கொண்டால் இரண்டரை இலட்சம் படங்கள் அதனுள் அடங்கும்.

சிற்றூர்களில் மின்சாரம் சொல்லாமற் போய் மீளுவது யாவரும் அறிந்ததே. வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் எழுத்துப் பாதியில் அறுபடும். இதற்குக் காப்பு இரண்டு. ஒன்று, யூ.பி.எஸ். என்னும் மின்கலப்பெட்டி. மற்றொன்று வட்டினை ஆளும் மென்பொருளின் உள்ளேயே இருப்பது: கணக்கப்பிள்ளை முதலில் நாட்குறிப்பில் எழுதிப் பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுமாறுபோல, அது தான் செய்யவிருக்கும் மாற்றத்தை முன்னதாகக் குறித்துக்கொண்டு பின்னரே செய்கின்றது. மின்சாரம் மீண்டதும் அக்குறிப்பைப் பார்த்து, குறைந்ததை நிரப்பும் அல்லது நீக்கும்.

இனி மென்பொருள். எல்லாவற்றிற்கும் அடிநிலையாவது இயங்குதளம். இல்ல வழங்கிகளிற் பெரும்பாலும் அமைவது லினக்ஸ். அதனை 1991-இல் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர். அதனை உட்கொண்ட டெபியன் என்னும் தொகுப்பை 1993-இல் தொடங்கிய இயன் மர்டாக்கும் மாணவரே. வீட்டிலுள்ள பிற கணிப்பொறிகள் வழங்கியின் கோப்புக்களைத் தம்முடையவைபோல் திறக்க உதவுவது சாம்பா. ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதனைத் தொடங்கினார். கைப்பேசிப் படங்களைத் தானே வாங்கி அடுக்கவும், நாட்காட்டியையும் முகவரிகளையும் காக்கவும் 2016-இல் தோன்றிய நெக்ஸ்ட்கிளவுட் பயன்படுகின்றது. இவையெல்லாம் விலையின்றிக் கிடைப்பன. எவரும் படித்தும் திருத்தியும் கொள்ளுமாறு மூலநிரல் திறந்து வைக்கப்பட்டவை. மாணவர் தொடங்கியவற்றை மாணவராகிய நாம் அஞ்சி விலகுதல் தகுமோ?

நிற்க. வீட்டினுள் வைஃபை வாயிலாக வழங்கியை அடைதல் எளிது. இணையத் தொடர்பு அறுந்தபோதும் அது தடைப்படாது. சென்னையில் பயிலும் மகன் ஊரிலுள்ள வழங்கியை அடைதலோ சற்று அரிது. இணைய முகவரிகளின் பழைய முறையில் உள்ளவை ஏறக்குறைய 429 கோடியே. அவை போதாமையால், பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளுமாறு இணையம் தருவோர் அமைத்தல் உண்டு. தெருவின் பெயர் தெரிந்தும் வீட்டின் எண் தெரியாத தபால்காரர் நிலையே வெளியிலிருந்து வரும் செய்தியின் நிலையாகும். ஐ.பி.வி. 6 என்னும் புதிய முகவரி முறை இதற்கு ஒரு தீர்வு. வெளியே நிலையான முகவரியுடைய ஒரு பொறிக்கு வீட்டு வழங்கி தானே சென்று இணைந்துகொள்ளுதல் மற்றொரு தீர்வு. இவ்விணைப்பை மறையெழுத்தாற் காக்கும் வயர்கார்டு என்னும் மென்பொருள் 2020-இல் லினக்ஸின் உட்கருவிலேயே சேர்க்கப்பட்டது. இத்தகைய காவலின்றி வழங்கியை நேரே இணையத்துக்குத் திறந்துவைத்தல் வாயிற்கதவைத் தாழிடாது உறங்குதலையே ஒக்கும்.

தமிழ் பயில்வோர் அறியத்தக்க செய்தியொன்றும் ஈண்டுக் கூறுவோம். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றமையின், கோப்புக்களுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ஆயினும் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் பொறிக்குத் தனி உருக்களே. உரு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடங்கொள்ளும். ‘திருமுக்கூடல்’ என்னும் சொல் நம் கணக்கில் 7 எழுத்து. பொறியின் கணக்கில் 13 உரு, 39 பைட்டு. லினக்ஸில் கோப்புப் பெயரின் எல்லை 255 பைட்டு ஆகலின், தமிழ்ப் பெயர்களைச் சுருக்கமாக அமைத்தல் நலம்.

மூன்றாவதாகிய பேணுதலே தலையாயது. வட்டுக்கள் என்றேனும் பழுதாகும். இரண்டு வட்டுக்களில் ஒன்றையே ஒருங்கு எழுதும் ரெய்டு முறை, 1988-இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் வெளியான ஆய்வுரையாற் பெயர்பெற்றது. அது ஒரு வட்டின் பழுதைத் தாங்கும். ஆயின் தவறி அழித்ததை மீட்காது, தீயையும் வெள்ளத்தையும் தடுக்காது. ஆகவே படிகள் 3, வட்டுவகை 2, அவற்றுள் ஒரு படி வேற்றூரில் என்பதே அறிந்தோர் கொண்ட நெறி. ஆறுகள் கூடும் ஊரில் வாழ்வோர்க்கு இதன் தேவையை விரித்துரைத்தல் வேண்டா. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் மாண்டன. அவற்றை எந்தச் செல்வத்தாலும் மீட்க இயலாது. திருமுக்கூடற் கல்வெட்டோ, படியெடுக்கப்பட்டு, கே. வி. சுப்பிரமணிய ஐயரால் எபிகிராபியா இண்டிகாவின் 21-ஆம் தொகுதியிற் பதிப்பிக்கப்பெற்றது. கல் தேயினும் சொல் தேயாது. எடுத்துவைத்த படியிலிருந்து பொருளை மீட்க முடிகின்றதா என்று அவ்வப்போது திறந்து பார்த்தலும் பேணுதலுள் அடங்கும். திறந்து பாராத குதிரில் நெல் உண்டென நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது.

இத்துணைத் தொல்லை எதற்கு, பெருநிறுவனங்கள் இருக்கின்றனவே என்பாரும் உளர். அந்நிறுவனங்கள் படிகளைப் பல இடங்களிற் காக்கின்றன என்பது மெய்யே. பொறியைப் பேண நேரமில்லாதார்க்கு அவை பெருந்துணை. எனினும் அவற்றின் காவல் அவர்தம் வாணிக விருப்பின்வழியது. தனிமனிதர் எண்ணிறந்தோர் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் அமெரிக்காவில் 2009-இல் மூடப்பட்டது; கூகுள் பிளஸ் 2019-இல் பொதுமக்களுக்கு முடிந்தது. ஆகலின் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விலக்காது, முதற்படியை நம் இல்லத்திலும், மறையெழுத்தாக்கிய மறுபடியைப் பிறரிடத்திலும் வைப்பதே தக்கது என்பது எம் கருத்து.

நம் ஊர்களில் நடவுப் பாட்டும் தாலாட்டும் அறிந்த மூதாட்டியர் இன்னும் உளர். அவர் குரலைப் பதிந்து, ஊரும் நாளும் குறித்து, ஒரு வழங்கியில் இட்டு, படியொன்றை வேற்றூர் நண்பரிடம் சேர்த்து வைத்தல் கல்லூரி மாணவர் எவர்க்கும் இயல்வது. விடுமுறையிற் பழைய கணிப்பொறி ஒன்றைக் கொண்டு இதனைத் தொடங்குவோர், தம் இல்லத்துக்கும் ஊருக்கும் ஒருங்கே பயன்செய்தவர் ஆவர்.