மாதம் ஒரு கொலை!

சிறுசேரியில் எட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. ஓராண்டு காலமாக மாதம் ஒரு கொலையை இந்தக் கூட்டம் "முடித்து" வந்தது. போலீசாருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கூட்டத்தில் ஒருவர் ஓய்வு பெற்ற ஏட்டு!

பதற வேண்டாம். இவர்கள் கொலை செய்யவில்லை. கொலைக் கேஸ்களைப் புத்தகத்தில் படித்து முடித்தார்கள். மேல்நாடுகளில் ஆண்டு பிறந்ததும் "இத்தனை புத்தகம் படிப்பேன்" என்று பலர் கூடிப் பந்தயம் கட்டுவது வழக்கம். அதைப் பார்த்து இங்கேயும் ஒரு பந்தயம். சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்பில்தான் இது ஆரம்பமாயிற்று. நானும் பெயர் கொடுத்தேன்.

நிபந்தனை மிகவும் எளிது. கற்பனைக் கதை கூடாது. உண்மையில் நடந்த குற்றமாக இருக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் கூடி, படித்ததைச் சொல்ல வேண்டும். செத்தது யார்? துப்பு எப்படிக் கிடைத்தது? கோர்ட்டு என்ன சொல்லிற்று? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னால் பாஸ்!

நான்காவது கேள்வி ஒன்றும் பிறகு வந்து சேர்ந்தது. அதுதான் எங்களைத் திணற அடித்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தலை இல்லாத பிரயாணி

முதல் மாதம் எடுத்துக்கொண்டது ஆளவந்தார் கொலை வழக்கு. பழைய சென்னைவாசிகளுக்கு இது தாத்தா சொன்ன கதை. இந்த வழக்கைப் பற்றி வக்கீலும் எழுத்தாளருமான ராண்டார் கை நிறைய எழுதியிருக்கிறார். அவற்றைத் தேடிப் பிடித்தோம்.

1952-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசி. எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில், மானாமதுரையை அடைந்தது. ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து துர்நாற்றம். திறந்து பார்த்தால் உள்ளே ஆண் பிரேதம். தலை இல்லை! சில நாட்களில் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. மானாமதுரை உடலும் ராயபுரம் தலையும் ஒரே ஆளுடையவை என்று சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சி.பி.கோபாலகிருஷ்ணன் நிரூபித்தார். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அங்கே பதிவாகியிருந்த கைரேகை, பெட்டியில் இருந்த உடலின் கைரேகையோடு பொருந்திற்று. கணவன்-மனைவி இருவர் பிடிபட்டார்கள். ஐகோர்ட்டில் நீதிபதி பஞ்சாபகேச அய்யர் முன்னிலையில் விசாரணை நடந்தது. கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு.

கொலைக்கு இவ்வளவுதானா என்று அன்று ஊரே பேசிற்று. எங்கள் மொட்டை மாடியிலும் அதே பேச்சுத்தான். ஒரு மணி நேரம் வாக்குவாதம்!

"படிக்கிறப்போ எல்லாம் பட்டுப் பட்டுன்னு நடக்குது சார்" என்றார் ஏட்டய்யா. "புலனாய்வுன்னா பாதி நாள் வாசல்ல காத்துக் கிடக்கிறதுதான். அதை எவன் எழுதுவான்?"

டீச்சரம்மாவின் கேள்வி

கூட்டத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. முதல் நாள் கடைசியில் அவர் ஒன்று கேட்டார்:

"தலை கெடச்ச இடம் சொன்னீங்க, பெட்டி கெடச்ச ரயில் பேர் சொன்னீங்க. அந்த மனுஷன் என்ன ஆளுன்னு யாராவது சொன்னீங்களா? அவர் வீட்டிலே அன்னைக்கு யார் காத்துக்கிட்டு இருந்தாங்க?"

யாரிடமும் பதில் இல்லை. சைனாபஜாரில் ஒரு பேனாக் கடையை ஒட்டி பிளாஸ்டிக் சாமான் விற்றவர் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று முதல் அதுவே நான்காவது கேள்வி ஆயிற்று. "செத்தவர் எப்படி வாழ்ந்தார்?"

அடுத்த மாதம் லட்சுமிகாந்தன் வழக்கு. 1944 நவம்பர் 8-ந்தேதி வேப்பேரியில் கத்திக்குத்து, மறுநாள் மரணம். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்குத்தான் பாகவதரின் "ஹரிதாஸ்" படம் வெளியாகி ஓடிக்கொண்டிருந்தது! தீவாந்தர தண்டனை, பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல், மீண்டும் ஐகோர்ட்டு, 1947 ஏப்ரலில் விடுதலை. பாகவதரின் சரிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். குத்துப்பட்டுச் செத்தவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அவர் நடத்திய மஞ்சள் பத்திரிகை அப்படி! அதற்காகக் கொலை நியாயமாகி விடுமா? டீச்சரம்மா விடவில்லை. உண்மையில் கொன்றது யார் என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

சந்தையில் விற்ற கொலை

இந்த மாதிரிப் புத்தகம் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. நம் ஊரில் "கொலைச் சிந்து" என்று ஒன்று இருந்தது. எங்காவது கொலை விழுந்தால் போதும். அதைப் பாட்டாகக் கட்டி, மட்டமான காகிதத்தில் அச்சடித்து, ரயிலிலும் சந்தையிலும் திருவிழாவிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். சென்னை குஜிலி பஜார் இதற்குப் பேர் போனது. ஆ.இரா.வேங்கடாசலபதி இவற்றைப் பற்றி "முச்சந்தி இலக்கியம்" என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஏப்ரல் மாதம் அதைப் படித்தோம். பந்தயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்படிப்பட்ட பழைய அச்சுச் சரக்கைப் பார்க்க விரும்பினால் அதிக தூரம் போக வேண்டியது இல்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. சிறுசேரியிலிருந்து ஓ.எம்.ஆர். சாலையில் நேராக வடக்கே போனால் போதும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை அங்கே உள்ளன.

வங்காளத்தார் நமக்கு ஒரு படி மேல். பிரியநாத் முகோபாத்யாய் என்ற கல்கத்தாத் துப்பறியும் போலீஸ் அதிகாரி, தாம் பார்த்த வழக்குகளை 1892 முதல் மாத வெளியீடாகவே கொண்டுவந்தார். 200-க்கு மேல் வந்தன!

சரி, நான்காவது கேள்விக்குப் பதில் சொன்ன புத்தகமே இல்லையா? ஒன்று இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட் 1966-ல் வெளியிட்ட நூல். 1959 நவம்பரில் கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கோம்ப் என்ற சிற்றூரில் கிளட்டர் என்ற விவசாயியும், அவர் மனைவியும், மகளும், மகனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரர்களுக்குக் கிடைத்தது 50 டாலருக்கும் குறைவு. கபோட், சாவதற்கு முந்தைய அவர்களுடைய ஒரு நாளை நிதானமாகச் சொல்லுகிறார். அன்று அந்தப் பெண் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குச் செர்ரிப் பழப் பலகாரம் செய்யக் கற்றுக் கொடுத்தாளாம். டீச்சரம்மா அந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது மாடியில் யாரும் பேசவில்லை.

ராஜீவ் கொலை வழக்கைப் பற்றி, அதைப் புலனாய்வு செய்த சி.பி.ஐ. அதிகாரி கே.ரகோத்தமன் எழுதிய நூலும் படித்தோம். ஸ்ரீபெரும்புதூர் நமக்குப் பக்கத்து ஊர் அல்லவா? 1991 மே 21-ந்தேதி குண்டு வெடித்தபோது படம் எடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபு இறந்தார். அவருடைய கேமரா மட்டும் பிழைத்தது. அதில் இருந்த 10 படங்கள்தான் வழக்கையே திறந்து வைத்தன. இதை எல்லோரும் ஒப்பித்தோம். "அன்னைக்கு ராஜீவ் கூட செத்த மத்தவங்க பேர் சொல்லுங்க" என்றார் டீச்சரம்மா. ஏட்டய்யா ஒருவர்தான் சொன்னார்: "போலீஸ் சூப்பிரெண்டு முகமது இக்பால். டூட்டியிலே இருந்தவர்."

டிசம்பர் தகராறு

டிசம்பர் மாதம் என்ன படிப்பது? அங்கேதான் தகராறு வந்தது.

கூட்டத்தில் ஒரு தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர், துடியான பையன். அவர் ஒரு யோசனை சொன்னார். "ஊர் ஊரா ஏன் போகணும்? நம்ம சிறுசேரியிலேயே 2014-ல நடந்ததே! புத்தகம் இல்லாட்டி என்ன? பேப்பர் செய்தியை எல்லாம் சேர்த்து நாமே ஒண்ணு தயார் பண்ணலாம்."

அவர் சொன்னது எது என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியது இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில், இங்கே வேலை முடிந்து இரவில் வீட்டுக்குக் கிளம்பிய ஓர் இளம் பெண் காணாமல் போனாள். நாட்கள் கழித்து, புதர் மண்டிய இடத்தில் அவளுடைய உடல் கிடைத்தது.

கூட்டத்தில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண் ஒருத்தியும் உண்டு. அதிகம் பேச மாட்டாள். அன்று பேசினாள்.

"அண்ணா, அந்த ரோட்டுலதான் நான் தினமும் ராத்திரி வர்றேன். கேப் லேட்டானா அங்கேதான் நிக்கிறேன். எங்கம்மா இன்னும் ஒன்பதரைக்கு மேல போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. உங்களுக்கு அது டிசம்பர் புத்தகமா?"

தம்பியின் முகம் தொங்கிப் போயிற்று. ஆனாலும் அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. "போட் மெயில் கேஸை ரசிச்சுப் படிச்சோமே. பழசானா மட்டும் பரவாயில்லையா, அக்கா?"

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் டிசம்பர் மாதத்துக்குப் படிக்க வேண்டியது கிடைத்தது. அது புத்தகம் அல்ல, ஒரு தீர்ப்பு. அதுவும் நம் மாவட்டத்துச் சங்கதி!

செங்கல்பட்டு சப்-ஜெயில்

ஆட்டோ சங்கரை மறந்திருக்க மாட்டீர்கள். திருவான்மியூரை நடுங்க வைத்தவன். ஆறு கொலை வழக்கில் 1991 மே 31-ந்தேதி செங்கல்பட்டு செசன்சு கோர்ட்டு அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அந்த ஆண்டு செங்கல்பட்டு சப்-ஜெயிலில் இருந்தபோது 300 பக்கத்துக்குத் தன் சரித்திரத்தை அவன் எழுதினான் என்று "நக்கீரன்" பத்திரிகை கூறியது. அதைத் தொடராக வெளியிடப் போவதாகவும் அறிவித்தது. போலீஸ் அதிகாரிகள் சிலருடன் அவனுக்கு இருந்த தொடர்பு அதில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. சும்மா இருப்பார்களா? வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை அதிகாரி கடிதம் அனுப்பினார். பத்திரிகை ஆசிரியர் ஆர்.ராஜகோபால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

1994 அக்டோபர் 7-ந்தேதி தீர்ப்பு. அச்சில் வருவதற்கு முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்று கோர்ட்டு கூறியது. கோர்ட்டு ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளதை யாரிடமும் கேட்காமலே வெளியிடலாம். அதற்கு மேல் ஒருவருடைய சொந்த வாழ்க்கைக்குள் புகுந்தால், அவருடைய சம்மதம் வேண்டும். கொலைகாரனுக்கும் இந்த உரிமை உண்டு! ஆனால் நீதிபதிகள் ஒரு விலக்கும் வைத்தார்கள். பலாத்காரத்துக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயர் பொதுப் பதிவில் இருந்தாலும்கூடப் பத்திரிகையில் போட்டு அவளை மேலும் அவமானப்படுத்தக் கூடாது என்றார்கள்.

இரவு ஷிப்டுப் பெண்தான் இதை வாசித்துப் பொருள் சொன்னாள். தம்பி குறிப்பு எடுத்துக்கொண்டார். பழைய கேஸ், புதுக் கேஸ் என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இல்லை. அதனால் அவருடைய கேள்விக்கு முழு விடை கிடைத்து விட்டதாக நான் சொல்ல மாட்டேன். என் அபிப்பிராயம், வீட்டில் இன்னும் ஒரு தாய் காத்திருக்கும் கதையை மொட்டை மாடியில் வைத்துப் பேசக் கூடாது என்பது. ஏட்டய்யா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பேசாம விட்டா ரோட்டுக்கு லைட் யார் சார் போடுவாங்க?" என்கிறார்.

எட்டுப் பேரில் பன்னிரண்டையும் முடித்தவர்கள் ஐந்து பேர். பரிசாக ஆளுக்கு ஒரு பேனா.

புது ஆண்டுக்கும் பந்தயம் உண்டு. "இந்தத் தடவை யாரும் சாக வேண்டாம், திருட்டுக் கேஸா எடுங்க" என்று டீச்சரம்மா உத்தரவு. முதல் புத்தகம், கோவில் சிலைகளைக் களவாடி அமெரிக்காவில் கடை விரித்த சுபாஷ் கபூரைப் பற்றி எஸ்.விஜயகுமார் 2018-ல் எழுதியது. தம்பி அதை வாங்கியாகி விட்டது. இரவல் கேட்டு ஏட்டய்யா வரிசையில் நிற்கிறார்.