கணிப்பொறியின் இரைச்சலும் விசிறியின் வேகமும்

மேசைக் கணிப்பொறி ஒன்று சில ஆண்டுகள் உழைத்தபின் பேரிரைச்சலிடத் தொடங்குமாயின், அதற்கு வயதாகிவிட்டது, இனி உதவாது என்று முடிவு கட்டி மூலையில் ஒதுக்குதல் பலருடைய வழக்கமாக இருக்கின்றது. அஃது ஆராயாது கொண்ட முடிவாகும். அவ்விரைச்சல் பெரும்பாலும் கணிப்பொறியின் முதுமையால் எழுவதன்று. அதனைக் குளிர்விக்கும் விசிறி வேண்டிய அளவினும் மிக்க வேகத்தோடு சுழலுவதால் எழுவதாகும். ஒரே அறையில் ஒருவர் எழுத, மற்றொருவர் படிக்க, பிறிதொருவர் உறங்கும் இல்லங்கள் நம்மிடையே பல. அத்தகைய இல்லத்தில் இவ்வோசை சிறு தொல்லையன்று. ஆதலின், விசிறியின் வேகம் மிகுவது எதனால், அதனைக் குறைக்கும் வழி யாது, எதுவரை குறைக்கலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

கணிப்பொறியின் மூளை எனத்தகும் செயலி, தான் பெறும் மின்னாற்றலை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியிடுகின்றது. 1989-ல் வெளிவந்த இன்டெல் 486 செயலியின் தொடக்க வகைகள் தமக்கெனத் தனி விசிறியின்றியே இயங்கின. 2004-ல் வந்த பெண்டியம் 4 செயலிகள் சிலவற்றிற்கோ 115 வாட் வரையில் வெப்பத்தை அகற்ற வேண்டியதாயிற்று. 2006-ல் தோன்றிய கோர் 2 டுவோ செயலிகள் பலவற்றில் அவ்வளவு 65 வாட்டாக இறங்கிற்று. 65 வாட் என்பது பழைய குண்டு விளக்கு ஒன்று உண்ணும் மின்னாற்றலுக்கு ஒப்பானது. சிறியதொரு சில்லினின்று இத்துணை வெப்பமும் வெளியேற வேண்டும். அதன்பொருட்டே செயலியின்மேல் உலோகத் தகட்டடுக்கு ஒன்றும், அதன்மேல் விசிறியும் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இனி, விசிறியின் இயல்பைக் காண்போம். அது செலுத்தும் காற்றின் அளவு அதன் வேகத்தைப் பொறுத்து நேராகக் கூடும், நேராகக் குறையும். ஓசையோ அவ்வாறன்று. நிமிடத்திற்கு 2400 சுற்றுகள் சுழலும் விசிறியை 1200 சுற்றுகளுக்கு இறக்கினால், காற்று பாதியாகும். ஓசை ஏறக்குறைய 15 டெசிபெல் தாழும். 10 டெசிபெல் தாழ்ந்தாலே நம் செவிக்கு ஓசை பாதியாகத் தோன்றும் என்பர். எனவே, 15 டெசிபெல் தாழ்வு ஓசையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக்குகின்றது. 1800 சுற்றுகளுக்கு மட்டும் இறக்கினும் 6 டெசிபெல் குறையும்.

இதனால் வெப்பம் எவ்வளவு ஏறும் எனின், அதனையும் கணக்கிட்டுக் காணலாம். நொடிக்கு 10 லிட்டர் காற்று 65 வாட் வெப்பத்தைச் சுமந்து செல்லுங்கால், அக்காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஐந்தரைப் பாகை செல்சியஸ் உயரும். காற்று 5 லிட்டராகக் குறையின் 11 பாகை உயரும். செயலியின் வெப்பம் இதனினும் சற்று மிகுதியாக ஏறக்கூடும். எனினும், செயலி தன் எல்லைக்கு நெடுந்தூரம் கீழே இருக்குமாயின் இவ்வேற்றத்தை அது எளிதில் தாங்கும். சிறிது வெப்பத்தை ஏற்றுப் பெரிதும் அமைதி பெறலாம் என்பதே இக்கணக்கின் பயன்.

வேகத்தைத் தொடுமுன் செய்யவேண்டுவது தூய்மை செய்தலாம். தகடுகளின் இடுக்குகளில் தூசி படிந்து காற்றின் வழியை அடைத்துவிடுகின்றது. செயலி சூடேற, விசிறி விரைகின்றது; இரைச்சல் பெருகுகின்றது. மின் இணைப்பை முற்றிலும் நீக்கியபின், மெல்லிய தூரிகையால் தூசியை அகற்றுக. காற்றூதித் துடைப்பின், விசிறி சுழலாதபடி அதன் இறக்கையை விரலால் பற்றிக்கொள்ளுக. செயலிக்கும் தகட்டிற்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் பல்லாண்டுகளில் உலர்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துப் புதியதை மெல்லியதாகப் பூசுதல் நன்று. இவ்வளவிலேயே பல கணிப்பொறிகள் அமைதியுறுவதுண்டு.

அதன்பின்னும் ஓசை குறையாதாயின், விசிறியின் கம்பிகளை எண்ணுக. மூன்று கம்பிகளாயின், இரண்டு மின்சாரத்திற்கும் ஒன்று வேகத்தை அறிவித்தற்கும் உரியன; இதன் வேகத்தை 12 வோல்ட் அழுத்தத்தைத் தாழ்த்தியே குறைக்க வேண்டும். நான்கு கம்பிகளாயின், நான்காவது வேகத்தை ஆளுதற்கு உரியது. அதன் வழியே நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை விட்டுவிட்டு வரும் மின்துடிப்புகளின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் கணிப்பொறி தானே விசிறியை நடத்தும். தொடக்கத்தில் தோன்றும் பயாஸ் அமைப்பினுள் ‘ஸ்மார்ட் ஃபேன்’, ‘கியூ-ஃபேன்’ என்பன போன்ற பெயர்களில் இவ்வசதி இருக்கும். அஃது அணைக்கப்பட்டிருப்பின் விசிறி எப்பொழுதும் முழுவேகத்தில் ஓடும். அதனை இயக்குதலே போதுமானது. பயாஸில் இவ்வசதி இல்லாதபோது, விண்டோஸில் ‘ஸ்பீட்ஃபேன்’, லினக்ஸில் ‘ஃபேன்கன்ட்ரோல்’ ஆகிய மென்பொருள்கள் பல கணிப்பொறிகளில் உதவும்.

வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தல் கூடாது. சிறிது குறைத்து, செயலிக்குக் கடினமான வேலையொன்றை அரைமணி நேரம் கொடுத்து, வெப்பநிலை எங்கு நிலைபெறுகின்றதென்று நோக்குக. தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குக் கீழே போதிய இடைவெளி இருப்பின் மேலும் சிறிது குறைக்கலாம். மார்கழிக் குளிரில் பொருந்திய அளவு சித்திரை வெயிலில் பொருந்தாது. அறை 10 பாகை சூடேறின், செயலியும் ஏறக்குறைய அவ்வளவே ஏறும். மேலும், நின்ற விசிறியைத் தொடங்கச் செய்தற்கு வேண்டிய மின்னழுத்தம், ஓடும் விசிறிக்கு வேண்டியதினும் மிகுதி. ஆதலின், அணைத்து மீண்டும் ஏற்றியபொழுது விசிறி சுழலுகின்றதா என்பதைக் கண்ணால் காணுதல் இன்றியமையாதது. வேகம் அடிக்கடி ஏறியிறங்கினாலும் செவிக்கு இன்னலே. ஒரேசீரான மெல்லோசையை நாம் விரைவில் மறந்துவிடுகிறோம், மாறும் ஓசையை மறக்க இயலாது.

விலக்க வேண்டுவன சில உள. விசிறியைக் கழற்றிவிடுதல் பெரும் பிழை. சூடு எல்லை மீறின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்னும் மீறின் கணிப்பொறி நின்றுவிடும். அமைதியை நாடியவர், காரணம் அறியாமலே மந்தமான கணிப்பொறியைப் பெறுவர். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியைப் பழகாதார் திறத்தலாகாது; இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும். கரகரவென்ற ஓசை எழுமாயின் அது தேய்ந்த தாங்கியின் குரலாதலின், வேகத்தைக் குறைத்தல் அதற்கு மருந்தாகாது. விசிறியையே மாற்றுதல் வேண்டும்.

விசிறி ஓயாது ஓடுதலும் அன்று, அறவே நிற்றலும் அன்று, தேவைக்கேற்ற அளவில் சுழலுதலே நாம் வேண்டுவது. அவ்வளவை அறிதற்கு வேண்டுவன ஒரு தூரிகையும், சிறிது பொறுமையும், ஒரு மாலைப் பொழுதும் மட்டுமே. இவற்றைச் செலவிடாமல் நல்லதோர் இயந்திரத்தைப் பழம்பொருள் வணிகரிடம் ஒப்படைத்தல், கற்றவர்க்கு அழகாகாது.