ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

293,318,625,600. ஏறத்தாழ 293 பில்லியன். இந்த எண்ணை 1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 23-ஆல் வகுக்கும்போதுதான் முதன்முதலாக மீதி விழுகிறது.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று, 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை அவர் அதில் ஆராய்ந்தார். உயர் பகு எண்கள் என்று அவற்றைச் சொல்லலாம். 12 அப்படி ஓர் எண். அதற்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதற்குக் கீழே உள்ள எதற்கும் நான்குக்கு மேல் கிடையாது. இந்தக் கட்டுரைக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. போர்க்காலத்தில் அச்சேறாமல் நின்றுபோன அதன் மிச்சப் பகுதி 1997-இல்தான் வெளியானது.

கட்டுரையில் இருந்த அட்டவணையில் 102 எண்கள். கடைசி எண் 6,746,328,388,800. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு அது. அதில் விடுபட்டுப்போனது ஒரே ஓர் எண்தான்: 293,318,625,600. அதை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் அந்தக் கடைசி எண்ணே வந்து நிற்கிறது!

பகா எண்களாகப் பிரித்தால் விடுபட்ட எண்ணின் உள்ளமைப்பு தெரியும். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. வரிசையில் இதற்கு முன்னால் வரும் 240,940,299,600, பின்னால் வரும் 321,253,732,800 இரண்டிலும் 7 ஒருமுறைதான்; ஆனால் 23 உண்டு. நடுவில் இது மட்டும் 23-ஐ விட்டுவிட்டு இன்னொரு 7-ஐச் சேர்த்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தப்பக்கூடிய இடம்தான்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ, அதோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

இனிமேல் வருவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. 5040-உம் ஓர் உயர் பகு எண்; தன் இலட்சிய நகரத்தின் குடும்பங்களுக்கு பிளேட்டோ தேர்ந்தெடுத்த எண்ணிக்கையும் அதுவே. 5040-க்கு 60 காரணிகள். 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. இவை அத்தனையும் உயர் பகு எண்கள். 4-க்கு மூன்று காரணிகள். 3-இல்தான் சங்கிலி அறுகிறது.

ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் மூவாரிலும் படிவம் ஒன்று பிள்ளைகள் காரணிகளும் மடங்குகளும் படிக்கிறார்கள். இங்கே உள்ள கணக்கைப் பின்தொடர அந்தப் பாடமே போதும். கணித ஆசிரியர்களே, ராமானுஜன் என்றதும் 1729-ஐ மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இந்த எண்ணை வெண்பலகையில் எழுதுங்கள். அதற்கு 5040 காரணிகள் உண்டு என்பதை எண்ணாமலே கண்டுபிடிக்கும் வாய்ப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.